கட்டைவிரலுக்கு ஆறு விசை

நெவெனாவின் கைவலிக்கு மூன்றே மாதத்தில் மருந்து தயார் என்று தெயான் அறிவித்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. மருந்து என்றால் மாத்திரையோ தைலமோ அல்ல, ஒரு கீபோர்டு. கடையில் விற்கிற கீபோர்டெல்லாம் கையை ஒடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை என்பது அவன் கட்சி. இரண்டாகப் பிரிந்து, பக்கவாட்டில் சரிந்து, வேண்டிய துண்டை மாட்டி வேண்டாததைக் கழற்றிக்கொள்கிற மாதிரி, அவள் கைக்கென்றே ஒன்றைத் தன் கையாலேயே செய்து தருவதாகச் சொன்னான். அவள் நம்பினாள். கல்யாணமாகி ஏழு வருடம் ஆன பிறகும் நம்பினாள் என்பதை அவள் கணக்கில் புண்ணியமாகச் சேர்க்க வேண்டும்.

தெயான் செர்பியாவின் நோவி சாத் நகரில் சலவை இயந்திரங்களுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறவன். அதாவது இயந்திரத்தின் வயிற்றுக்குள் குடியிருந்து, இப்போது சுற்று, இப்போது நில் என்று அதற்குப் புத்தி சொல்கிற நிரல். அவன் பேச்சைக் கேட்டுத்தான் பாதி ஐரோப்பாவின் துணிகள் துவைபடுகின்றன என்று விருந்துகளில் சொல்லிக்கொள்வான். தன் வீட்டு இயந்திரத்தில் எந்தப் பட்டனை அமுக்கினால் தண்ணீர் வரும் என்பதை மட்டும் நெவெனாதான் அவனுக்குக் காட்டித்தர வேண்டும்.

நெவெனா ஹங்கேரிய நாவல்களைச் செர்பிய மொழிக்குக் கொண்டுவருகிறவள். காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை தட்டச்சு. ஒருநாள் அடுப்பில் காப்பியை வைத்துக்கொண்டே, "கை வலிக்குது தெயான்" என்றாள். காப்பி பொங்கி அடங்குவதற்குள் தெயான் கம்ப்யூட்டரைத் திறந்து மூன்று இணையக் குழுக்களில் சேர்ந்துவிட்டான்.

அந்தக் குழுக்களில் உலகெங்கிலும் இருந்து கீபோர்டு செய்கிறவர்கள், செய்யப் போகிறவர்கள், செய்ததைப் பிரித்துப்போட்டு மறுபடி செய்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். விசைக்கு அடியில் இருக்கிற எந்த ஸ்விட்சுக்கு எந்த எண்ணெய், அதற்குள் இருக்கிற எந்தச் சுருள்வில் எவ்வளவு கனம் என்று மாதக்கணக்கில் வாதாடுவார்கள். அந்தக் கீபோர்டுகளை வைத்துக்கொண்டு யாரும் எதையும் எழுதி முடித்ததாகத் தகவல் இல்லை. வேகம் பார்க்கிற பக்கம் ஒன்று உண்டு. அது கொடுக்கிற வாக்கியத்தைத் தட்டி, வந்த எண்ணைப் படம் பிடித்துப் போடுவதோடு அவர்கள் இலக்கியப் பணி முடிந்துவிடும்.

குழுவில் இருந்த இன்னொரு உள்ளூர்க்காரன் கோஸ்தா. தெயானின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன். அந்த ஊரில் சாட்சி நின்றவன் 'கூம்'. கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல். குடும்ப விஷயத்தில் வாயைத் திறக்க முழு உரிமை உள்ளவன். தெயானை 'கூமே' என்றும் நெவெனாவை 'கூமா' என்றும்தான் கூப்பிடுவான். கோஸ்தாவிடம் அலமாரி நிறையக் கீபோர்டுகள் இருந்தன. அவற்றில் தட்டுவதற்குத்தான் அவனிடம் ஒன்றும் இல்லை.

முதலில் தெயான் நெவெனாவின் கையைக் காகிதத்தில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து அளவெடுத்தான். தையல்காரன்கூட அவ்வளவு கவனமாக எடுக்கமாட்டான். நடுவில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அசையாத" என்றான். அவளும் அசையவில்லை, சொல்லவும் இல்லை.

பிறகு வடிவங்கள் வந்தன. முதல் வடிவம் மரத்தில். அது கனமாகப் போய்விட்டது. இரண்டாவது 3டி பிரிண்டரில் ராத்தல் ராத்தலாகப் பிளாஸ்டிக்கைத் தின்று பிறந்தது. மூன்றாவதில் சர்க்யூட் போர்டைத் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டான். நான்காவது வேலை செய்தது. ஆனால் அதன் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. வேலை செய்கிற ஒன்றைச் சத்தம் சரியில்லை என்று தூக்கிப்போட்ட கதையைக் குழுவில் எழுதினான். தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

ஐந்தாவதில்தான் அவன் பெயர் பரவியது. காரணம், கட்டைவிரல் துண்டு. இரண்டு பாதிக்கும் கீழே காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற பிறை வடிவத் துண்டு. ஒவ்வொன்றிலும் ஆறு விசை. அதன் தத்துவத்தை நெவெனாவுக்குச் சாப்பாட்டு மேஜையில் விளக்கினான்.

"சுண்டுவிரல் பாவம், நோஞ்சான். அதுக்குப் போயி எவ்ளோ வேலை குடுத்திருக்கானுங்க பாரு. கட்டைவிரல் பயில்வான் மாதிரி இருந்துக்கிட்டு ஸ்பேஸ் பட்டனைத் தட்டறதோட சரி. மத்த நேரமெல்லாம் தூக்கம். நான் அதை வேலை வாங்கப் போறேன்."

"என்னென்ன வேலை?"

"ஸ்பேஸ், அழிக்கிறது, அடுத்த வரி, எல்லாம். நீ கை அசைக்கவே வேண்டாம். கட்டைவிரல் பாத்துக்கும்."

"எல்லாத்தையுமா?" என்றாள் நெவெனா. அவள் குரலில் இருந்தது வியப்பு என்று எடுத்துக்கொண்டு தெயான் தொடர்ந்தான்.

விசை ஒவ்வொன்றுக்கும் இரட்டை உத்தியோகம் வேறு கொடுத்திருந்தான். தட்டினால் அதன் சொந்த வேலை. பிடித்துக்கொண்டால் ஒரு கட்டளை. ஸ்பேஸைப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால் பத்தி முழுக்க அழியும். வேறோர் எழுத்தைத் தட்டினால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். மொழிபெயர்க்கிறவளுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று அவனாகவே யோசித்துச் செய்த உபகாரம் அது. தட்டியதா, பிடித்ததா என்று ஃபர்ம்வேருக்கு எப்படித் தெரியும்? நேரத்தை வைத்துத்தான். நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் விரல் எழுந்துவிட்டால் தட்டியது. அதைத் தாண்டினால் பிடித்தது. இந்த எல்லையைக் கண்டுபிடிக்கத் தெயான் ஒரு மாதம் உழைத்தான். தன் விரலை வைத்துப் பார்த்தான், கோஸ்தாவின் விரலை வைத்துப் பார்த்தான். நெவெனாவுக்கு வேலை இருந்தது, அவளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டான். அவ்வளவு நல்ல மனசு.

இதற்கிடையில் செப்டம்பர் வந்தது. ஊர் முழுக்க பால்கனிகளில் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து அய்வார் துவையல் கிண்டுகிற மணம். நெவெனா அந்த வருடம் கிண்டவில்லை. கடையிலிருந்து ஒரு ஜாடி வாங்கி வைத்தாள். தோலுரிக்க முடியவில்லை என்றாள். வீட்டு அய்வார் இல்லாத வீடு என்றால் அக்கம்பக்கத்தில் பேச்சு எழும். தெயான் ரொட்டியில் தடவி ஒரு வாய் கடித்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னான்.

அதே மாதம்தான் பதிப்பகத்திலிருந்து கொர்நேலியா கூப்பிட்டாள். நெவெனா மொழிபெயர்த்த நாவலின் இரண்டாம் பாகம் ஹங்கேரியில் வந்துவிட்டது. முதல் பாகத்தோடு மூன்று வருடம் வாழ்ந்தவள் நெவெனா. அதில் வருகிற படகோட்டிக் குடும்பத்தில் யார் எப்போது பொய் சொல்வார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியும். இரண்டாம் பாகத்தை இன்னொருத்தர் தொடுவதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவளுக்குக் கை முடியவில்லை என்று பதிப்பகம் வரை செய்தி போயிருந்தது. மாதிரிக்கு ஓர் அத்தியாயம் அனுப்பட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

"பழைய லேப்டாப்புலயே பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தட்டிடறேன்" என்றாள் நெவெனா.

"சனிக்கிழமை வரைக்கும் பொறு. முடிஞ்சிடுச்சு" என்றான் தெயான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கோஸ்தா ஒரு பொட்டலம் புரெக் பலகாரமும் ஒரு பாட்டில் ராக்கியா சாராயமும் வாங்கிக்கொண்டு வந்தான். கீபோர்டு மேஜை நடுவில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. தெயான் துணியை விலக்கினான். அழகாகத்தான் இருந்தது. இரண்டு கரும் பாதிகள், அடியில் தந்த நிறத்தில் இரண்டு பிறைகள். முதல் மரியாதை கோஸ்தாவுக்கு. அவன் வேகம் பார்க்கும் பக்கத்தைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டினான்.

"சத்தத்தைக் கேளு கூமே. மழை தகரத்துல விழற மாதிரியா இருக்கு? மரத்துல விழற மாதிரி இருக்கு. அழுகையே வருது எனக்கு."

"கூமா, நீ உக்காரு" என்று எழுந்து இடம் விட்டான்.

நெவெனா உட்கார்ந்தாள். வேறென்ன எழுதுவது என்று யோசித்து, கொர்நேலியாவுக்கே எழுதிவிடலாம் என்று ஆரம்பித்தாள். அத்தியாயம் சீக்கிரம் வந்துவிடும் என்று இரண்டு வரி. 'அன்புள்ள' என்று அடித்து ஸ்பேஸை அமுக்கி, அதிலிருந்து விரல் முழுதாக எழுவதற்குள் அடுத்த எழுத்தைத் தொட்டாள். கடிதம் போய்விட்டது. திடுக்கிட்டு மறுபடி தொடங்கினாள். 'அன்புள்ள கொர்நேலியா, மாதிரி' என்பது வரை வந்தது, அதுவும் போய்விட்டது. மூன்றாவது முறை மெதுவாக, ஜாக்கிரதையாக அமுக்கினாள். பத்தி அழிந்து, வெறும் கடிதம் போய்ச் சேர்ந்தது.

ஃபோன் அடித்தது. கொர்நேலியாவின் குரல் அறை முழுக்கக் கேட்கும். அவள் அப்படித்தான் பேசுவாள்.

"நெவெனா, நல்லா இருக்கியா கண்ணு?"

"நல்லா இருக்கேன்."

"'அன்புள்ள'ன்னு ஒரு கடிதம் வந்துச்சு. சரி, அன்பு இருக்கட்டும். அப்புறம் பாதியில நிக்கற ஒண்ணு. அப்புறம் வெறும் கடிதம். மத்தியானமே ராக்கியாவா?"

"புது கீபோர்டு. தெயான் செஞ்சது."

"ஓ." காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இங்க பாரு, கோவிச்சுக்காத. எனக்கும் மேல ஆள் இருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அத்தியாயம் வந்துச்சுன்னா சரி. இல்லன்னா சுபோதிட்சால ஒருத்தர் தயாரா இருக்காரு, அவருக்குக் குடுத்துடுவேன். உன் கை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

நெவெனா ஃபோனை வைத்தாள். தெயானின் முகத்தில் கவலை தெரிந்தது. கீபோர்டைப் பற்றிய கவலை.

"நீ ரொம்ப நேரம் அமுக்கற" என்றான். "தட்டிட்டு உடனே எடுத்துடணும். பழகணும். மூணு வாரம் ஆகும், எல்லாருக்கும் அப்படித்தான்."

"வெள்ளிக்கிழமை மூணு வாரம் கழிச்சா வருது?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா, தப்பு இதுல இல்ல..."

"என்கிட்ட இருக்கு. புரியுது." அவள் குரலை உயர்த்தவில்லை. "இதை நான் வேலை வாங்கணுமா, இது என்னை வேலை வாங்கணுமா, அதை மட்டும் முடிவு பண்ணிட்டுச் சொல்லு." பழைய லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோஸ்தா மிச்சமிருந்த புரெக்கைத் தின்று முடித்தான். கையைத் துடைத்துக்கொண்டு, குடும்ப விஷயத்தில் வாயைத் திறக்க உரிமை உள்ளவன் என்ற முறையில் திறந்தான்.

"கூமே, கல்யாணத்துல சாட்சி நின்னவன், சொல்லியாகணும்."

"சொல்லு."

"அந்த நேர எல்லையைக் கொஞ்சம் ஏத்திப் பாரேன்."

தெயான் ஏற்றவில்லை. ஒரு மாதம் உழைத்துக் கண்டுபிடித்த எல்லை அது. தப்பு நெவெனாவின் பழக்கத்தில்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது அவனுக்கு. ஃபர்ம்வேர் ஒவ்வொரு அழுத்தத்தையும் எவ்வளவு நேரம் என்று பதிவு செய்துவைத்திருந்தது. மறுநாள் அதையெல்லாம் எடுத்து விரல்வாரியாகக் கோடு போட்டான். பெண்டாட்டிக்கு எதிராக இவ்வளவு நேர்த்தியான குற்றப்பத்திரிகை அந்த ஊரில் யாரும் தயாரித்திருக்கமாட்டார்கள்.

குற்றப்பத்திரிகை காலை வாரிவிட்டது. எட்டு விரலும் சுத்தம். தெயானைவிட வேகம், கோஸ்தாவைவிட வேகம். அவளுடைய சுண்டுவிரல் நோஞ்சானே அல்ல; வருடக்கணக்காக நாவல் தட்டிய சுண்டுவிரல். கட்டைவிரல்கள் மட்டும் முக்கால்வாசித் தடவை எல்லையைத் தாண்டி நின்றன. கீழே போன விரல் மேலே வர மனமில்லாமல் கிடந்தது.

இதைப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றும்? தெயானுக்கு ஸ்விட்ச் மேல் சந்தேகம் வந்தது. மாற்றினான். வில் மேல் சந்தேகம் வந்தது. குழுவில் கேட்டான். லேசான வில் போடு என்றான் ஒருவன். கனமான வில் போடு என்றான் இன்னொருவன். இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். காந்தம் ஆடுகிறதோ என்று பார்த்தான். திங்கட்கிழமை மாலைக்குள் சந்தேகப்பட அவனிடம் பொருள் எதுவும் மிச்சமில்லை. கோடு போட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

நெவெனா லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. பிறகு வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை வளைத்துக் கொண்டுபோய் ஸ்பேஸில் ஒரு குத்து. மறுபடி ஒரு வார்த்தை. மறுபடி கையைத் தூக்கி ஒரு குத்து. ஒரு பக்கம் முடிவதற்குள் கோழி தானியம் பொறுக்குவதுபோல் அந்தக் கை எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டும்? தெயான் நின்று பார்த்தான்.

"ஸ்பேஸை ஏன் அந்த விரலால தட்டற?"

"கட்டைவிரல் வலிக்குதே."

"எப்பலேருந்து?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "எப்பலேருந்துன்னா? முதல்லேருந்தே அதுதான். அடி மூட்டுல."

"நான் மணிக்கட்டுன்னு நினைச்சேன்."

"ஏன்?"

குழுவில் எல்லோருக்கும் மணிக்கட்டு வலித்தது. அதனால் அவளுக்கும் மணிக்கட்டுதான் என்று தெயான் வைத்துக்கொண்டான். அவளிடம் கேட்கவே இல்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் நெவெனா. "அளவெடுத்தப்ப சொல்ல வந்தேன். அசையாதன்னுட்ட."

அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட மோசமாக, அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே மனசு ஆறாவது வடிவத்தை வரைய ஆரம்பித்துவிட்டது. "ஒரு வாரம் குடு, கட்டைவிரலே இல்லாம..." என்று தொடங்கியவன், அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். கோடு போட்ட காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீ சொல்லு, நான் தட்டறேன்" என்றான்.

அப்படி ஆரம்பித்தது. வேலையிலிருந்து வந்ததும் அவன் ஐந்தாவது வடிவத்தின் முன் உட்காருவான். அவள் ஹங்கேரியப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுவாள்.

"'ஈரக் கயிறு'ன்னு போடு. வேண்டாம், எடு. 'நனைஞ்ச கயிறு'. இரு, அவன் படகுக்காரன், அவனுக்குக் கயிறு எப்பவுமே நனைஞ்சுதான் இருக்கும், அவன் அப்படிச் சொல்லமாட்டான். வெறும் 'கயிறு'."

"இதை முதல்லயே யோசிச்சிட்டுச் சொல்லக் கூடாதா?"

"இதுதான் யோசிக்கிறது. முழு வரியையும் எடு."

வேகம் பார்க்கும் பக்கத்தில் யாரும் எதையும் அழிப்பதில்லை. இங்கே எழுதுவதைவிட அழிப்பது அதிகமாக இருந்தது. அழிக்கிற விசை கட்டைவிரலில். ஸ்பேஸ் கட்டைவிரலில். அடுத்த வரிக்குப் போவதும் கட்டைவிரலில். பயில்வான் தூங்க வழியில்லாமல் உழைத்தான்.

"அந்தப் பிறையைக் கழட்டிட்டு அதோட வேலையை மத்த விரலுக்குக் குடேன்" என்றாள் நெவெனா செவ்வாய்க்கிழமை.

"அதுதான் இதோட உயிரே" என்றான் தெயான்.

புதன்கிழமை அவன் கட்டைவிரலின் அடியில் ஊசி குத்துவதுபோல் ஒன்று தொடங்கியது. வியாழக்கிழமை வீட்டுப் பூட்டில் சாவியை வலது கையால் திருப்ப முடியவில்லை. இடது கையால் திருப்பினான். யாரிடமும் சொல்லவில்லை. குழுவிடம் சொல்லவே இல்லை. ஆனால் அவன் நிறுத்தவும் இல்லை. படகோட்டியின் மூத்த மகள் என்ன ஆனாள் என்று தெரியாமல் அவனால் எழுந்து போக முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தியாயம் போனது. இந்தத் தடவை முழுதாக. அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தெயானும் வீட்டிலேயே காத்திருந்தான். மாலையில் கொர்நேலியா கூப்பிட்டாள்.

"ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்" என்றாள். "அந்தக் கயிறு வர்ற இடம். அடடா. சுபோதிட்சாக்காரர்கிட்ட நானே பேசிக்கறேன். ரெண்டாம் பாகம் உன்னுது."

நெவெனா ஃபோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் அப்படியே சரிந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று தெயானுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு சின்னக் கிளாஸில் ராக்கியாவை ஊற்றினான். அவள் கிளாஸைத் தூக்கினாள். அவனும் தூக்கினான், இடது கையால்.

"வலது கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"எங்க வலிக்குது, காட்டு."

அவன் கையை நீட்டினான். அவள் வேறெங்கும் தேடவில்லை. இரண்டு விரலால் நேரே கட்டைவிரலின் அடி மூட்டில், எலும்புக்கும் சதைக்கும் நடுவில் ஓரிடத்தைத் தொட்டாள். தெயான் பல்லைக் கடித்தும் ஒரு முனகல் வெளியே வந்துவிட்டது.

இடது கையை நீட்டிக் கீபோர்டின் அடியிலிருந்த பிறையை இழுத்தான். காந்தம் முரண்டு பிடிக்காமல் விட்டுக்கொடுத்தது. இரண்டு வருடத்தில், வடிவமைத்தபடியே வேலை செய்தது அது ஒன்றுதான்.

"ரெண்டு வருஷமா உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?" என்றான்.

"இல்ல" என்றாள் நெவெனா, அந்த இடத்திலேயே மெல்லத் தேய்த்துக்கொண்டு. "இவ்ளோ லேசா இருந்தது முதல் வாரந்தான்."